பார்த்துவிட்டு இல்லை என்பது

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

கண்டனூரிலிருந்து எழுதுகிறேன். என் மகள் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்துவிட்டாள். சுவிட்சர்லாந்தில் ஆராய்ச்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. மியூயான் என்ற துகள் இதுவரை யாரும் பார்க்காத ஒரு விதத்தில் சிதைகிறதா என்று தேடும் வேலையாம். எழுபது வருஷத்துக்கு மேலாகத் தேடியும் ஒன்றும் கிடைக்கவில்லை என்று அவளே சொல்கிறாள். "ஒண்ணும் இல்லைன்னு எழுதவா இத்தனை படிப்பு?" என்று என் அண்ணன் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இதனால் நமக்கு என்ன பயன்? அணுவைப் பற்றி நம் சித்தர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள் அல்லவா? அவளுக்கு வயது 24. கல்யாணம் பேசவேண்டிய நேரம். அனுப்பலாமா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் இதே விஷயம்தான் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சு முடிந்ததும் இயற்பியல் ஆய்வகத்துக்கு அழைத்துப் போனார்கள். மேசையில் கிடந்த ஒரு செய்முறை நோட்டைப் புரட்டினேன். பென்சிலில் எழுதிய அளவுகளை அழித்துவிட்டு, புத்தகத்தில் உள்ள விடை வரும்படி வேறு எண்களைப் பேனாவில் எழுதியிருந்தான் ஒரு பையன். அதன்மேல் சிவப்பு மையில் டிக். கேட்டதற்கு, "எனக்கு வந்தது தப்பு சார், அதான்" என்றான். கருவி காட்டியதையே தப்பு என்று சொல்லும்படி பிள்ளைகளைப் பழக்கிவைத்திருக்கிறோம். அந்தக் கோபம் ஆறுவதற்குள் உங்கள் அண்ணனின் கேள்வி வந்து சேர்ந்தது.

சித்தர்கள் பேச்சை விட்டுவிடுங்கள். அவர்கள் எழுதியதை அவர்கள் எழுதியதாகவே படிப்போம். மியூயானை அவர்கள் தலையில் ஏற்றுவது அவர்களுக்கும் மரியாதை இல்லை, இயற்பியலுக்கும் இல்லை.

பயன் கேட்டீர்கள். மியூயான்களை வைத்துத்தான் 2017இல் எகிப்தின் கூஃபு பிரமிடுக்குள் ஒரு பெரிய வெற்றிடம் இருப்பதைக் கண்டார்கள். ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் மியூயான்களை எண்ணியே ஒரு இடிமேகத்துக்குள் 130 கோடி வோல்ட் இருந்ததைக் கணக்கிட்டது. இப்படி இன்னும் சொல்லலாம். ஆனால் உங்கள் மகள் போவது இதற்காக இல்லை. இதைக் காட்டி அவளுக்கு அனுமதி வாங்கித்தர எனக்கு மனமில்லை.

அவள் போவது வேறொன்றுக்கு. மியூயான் எலக்ட்ரானின் உறவுக்காரன். மின்னூட்டம் அதேதான், நிறை மட்டும் ஏறத்தாழ 207 மடங்கு. 1936இல் ஆண்டர்சனும் நெடர்மேயரும் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களில் இதைக் கண்டார்கள். உங்கள் வீட்டு வளவில் நின்று கையை நீட்டினால், உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்று என்ற கணக்கில் மேலிருந்து வந்து போய்க்கொண்டிருக்கும். அதன் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ நொடி. அப்புறம் சிதைந்து ஓர் எலக்ட்ரானும் இரண்டு நியூட்ரினோக்களும் ஆகும். நியூட்ரினோ என்பது மின்னூட்டம் இல்லாத, எதிலும் எளிதில் சிக்காமல் ஊடுருவிப் போகும் நுண்துகள். தேடுவது என்னவென்றால், நியூட்ரினோவே இல்லாமல் ஓர் எலக்ட்ரானும், ஆற்றல் மிகுந்த ஒளியான ஒரு காமா கதிரும் மட்டுமாக அது சிதைகிறதா என்று. ஆற்றல் கணக்கு இதைத் தடுக்கவில்லை, மின்னூட்டக் கணக்கும் தடுக்கவில்லை. ஆனாலும் அப்படி நடந்து ஒருவரும் பார்த்ததில்லை.

முதலில் தேடியவர்கள் ஹிங்க்ஸும் பொன்டெகோர்வோவும். 1947இல், கனடாவின் சாக் ரிவரில், வானத்திலிருந்து தானாக வந்த மியூயான்களைக் கொண்டு தேடினார்கள். கிடைக்கவில்லை. நடந்தால் பத்து மியூயான்களில் ஒன்றுக்கும் குறைவாகத்தான் நடக்கும் என்று எழுதிவைத்தார்கள். பின்னால் வந்தவர்கள் அந்த எல்லையை இறக்கிக்கொண்டே போனார்கள்.

இங்கேதான் உங்கள் அண்ணனை உட்காரவைத்துச் சொல்லவேண்டிய கதை இருக்கிறது. மியூயான் சிதைவில் வரும் இரண்டு நியூட்ரினோக்களும் ஒரே இனம், ஒன்று துகள், மற்றது அதன் எதிர்த்துகள் என்றே அன்று பலரும் நினைத்தார்கள். அப்படியானால் அவை ஒன்றையொன்று அழித்துக்கொண்டு காமாவாக மாற வழி உண்டு. 1958இல் ஃபைன்பெர்க் என்ற இயற்பியலாளர் கணக்குப் போட்டார். அன்று பேசப்பட்ட கொள்கை சரி என்றால், பத்தாயிரம் மியூயான்களில் ஒன்றாவது இப்படிச் சிதைந்தாக வேண்டும். அளந்தவர்களோ அவ்வளவு கிடையவே கிடையாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். ஆக, அந்த இரண்டு நியூட்ரினோக்களும் வேறு வேறு இனமாக இருந்தால்தான் கணக்கு நேராகும். 1962இல் அமெரிக்காவின் புரூக்ஹேவனில் லெடர்மேன், ஷ்வார்ட்ஸ், ஸ்டைன்பெர்கர் மூவரும் தங்கள் குழுவோடு சோதித்தார்கள். இரண்டு இனம்தான். 1988இல் அதற்கு நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்தப் பாதையில் முதலில் கிடந்தது ஒரு "இல்லை". யாரோ சும்மா உதட்டைப் பிதுக்கிச் சொன்ன இல்லை அல்ல அது. இவ்வளவு தேடினேன், இந்த அளவுக்கு மேல் இல்லை என்று எண்ணோடு எழுதிய இல்லை.

கோலாரைச் சொல்லாமல் இதை விட முடியாது. அந்தத் தங்கச் சுரங்கத்தில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் உழைத்தன என்று உங்களுக்குத் தெரியும். அறுபதுகளின் தொடக்கத்தில் நம் விஞ்ஞானிகள் அங்கே மிக ஆழத்தில் கருவிகளை வைத்து மியூயான்களுக்காகக் காத்திருந்தார்கள். வாரக்கணக்கில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆராய்ச்சி தோற்றது என்று மூட்டை கட்டினார்களா? இவ்வளவு அமைதியான இடம் நியூட்ரினோவைப் பிடிக்க வாகானது என்று புரிந்துகொண்டார்கள். 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்களை உலகில் முதலில் பதிவு செய்த இடங்களில் ஒன்று அந்தக் கோலார்.

என் ஐயா பர்மாவில், பெகுவில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தவர். 1942இல் ஜப்பான் படை வந்தபோது எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தார். பேரேடு ஒன்றை மட்டும் விடாமல் கொண்டுவந்தார். அதன்பிறகு வருஷா வருஷம் ஐந்தொகை எடுக்கும்போது, கொடுத்த கடன் ஒவ்வொன்றையும் பெயர் பெயராக எடுத்து, பர்மாவிலிருந்து திரும்பியவர்களிடம் விசாரித்துவிட்டு, எதிரே "வரவு இல்லை" என்று எழுதுவார். பட்டாலையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான், "வராதுன்னு தெரிஞ்சும் ஏன் ஐயா எழுதுறீங்க?" என்று கேட்டேன். "எழுதாம விட்டா, வரலையா, நாம பாக்கலையான்னு நாளைக்கு ஒருத்தனுக்கும் தெரியாதுடா" என்றார். அவர் பள்ளிக்கூடத்தில் அதிகம் படித்தவர் இல்லை. ஆனால் அந்தக் கல்லூரிப் பையனுக்கு டிக் போட்ட ஆசிரியருக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. வரவு வைத்துக் கணக்கு எழுதிப் பிழைத்த பரம்பரையில் வந்த உங்கள் அண்ணன், எண் போட்டு எழுதிய ஒரு "இல்லை"யைக் கேலி செய்யலாமா? எனக்கு வலித்தது, தம்பி.

எழுபது வருஷம் ஒன்றும் கிடைக்கவில்லை என்கிறீர்களே, அந்த எழுபது வருஷத்தில் நடந்ததைக் கேளுங்கள். சுவிட்சர்லாந்தில் வில்லிகன் என்ற ஊரில், பால் ஷெரர் ஆய்வுக்கூடத்தில் மெக் என்ற சோதனை நடந்தது. நொடிக்குச் சுமார் மூன்று கோடி மியூயான்களை ஒரு மெல்லிய தகட்டில் நிறுத்தினார்கள். அங்கே பாய்வது நேர்மின் மியூயான் என்பதால் எலக்ட்ரானுக்குப் பதில் அதன் எதிர்த்துகளான பாசிட்ரான் வரும். தேடும் சிதைவு நடந்தால் பாசிட்ரான் ஒரு பக்கம், காமா நேர் எதிர்ப்பக்கம், இரண்டும் ஒரே கணத்தில், ஒவ்வொன்றும் 52.8 மெகா எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலோடு கிளம்பும். சிக்கல் என்ன தெரியுமா? ஒரு மியூயானின் பாசிட்ரானும் இன்னொரு மியூயானிலிருந்து வந்த காமாவும் தற்செயலாக ஒன்றாக வந்து ஏமாற்றும். அதைப் பிரித்தறிய நொடியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அளவுக்கு நேரத்தைத் துல்லியமாக அளக்க வேண்டும். காமாவைப் பிடிக்க, குளிரவைத்துத் திரவமாக்கிய செனான் வாயு 900 லிட்டர் வைத்திருக்கிறார்கள். விடை ஒளிந்திருக்கும் தரவுப் பகுதியை ஆய்வு முறை முழுதும் முடிவாகும்வரை யாரும் திறந்து பார்ப்பதில்லை. தங்கள் ஆசை தங்கள் கண்ணை ஏமாற்றிவிடக்கூடாது என்று தாங்களே போட்டுக்கொண்ட பூட்டு அது. அந்த நோட்டுக்காரப் பையனை ஒருநாள் அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று எனக்கு ஆசை.

2009 முதல் 2013 வரை 750 லட்சம் கோடி மியூயான்களை நிறுத்திப் பார்த்து, சுமார் 2.4 லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு என்று 2016இல் அறிவித்தார்கள். அதன் அடுத்த கட்டமான மெக்-2, 2025இல் அதை ஏறக்குறைய 6.7 லட்சம் கோடியில் ஒன்று என்று இறக்கியது. பத்தில் ஒன்று என்று தொடங்கியது இங்கே வந்து நிற்கிறது. ஒவ்வொரு படி இறங்கும்போதும், "புதிய துகள்கள் உண்டு, அவற்றால் இந்தச் சிதைவு இத்தனை முறை நடக்கும்" என்று சொன்ன சில கொள்கைகளுக்கு இடம் சுருங்கியது, சில விழுந்தே போயின.

இன்னொன்று. நியூட்ரினோக்கள் இனம் மாறுகின்றன என்பது 1998இல் ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே நியூட்ரினோ ஆய்வுக்கூடத்தில் உறுதியானது. அதை வைத்துப் பார்த்தால் இந்தச் சிதைவும் நடக்கலாம்தான். ஆனால் எவ்வளவு அரிதாக? ஒன்றுக்குப் பின்னால் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுழியங்கள் போட்ட எண்ணிக்கையில் ஒருமுறை. எந்தக் கருவியும் பார்க்க முடியாத அரிது. அதனால் உங்கள் மகளின் கருவியில் சந்தேகத்துக்கு இடமின்றிச் சில சிதைவுகள் தெரிந்தால் போதும், இன்றுவரை நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று அதற்குப் பின்னால் இருக்கிறது என்று அர்த்தம். துகள்களை மோதவிடும் ஜெனிவாவின் பெரிய இயந்திரத்தால் நேரடியாக உண்டாக்க முடியாத அளவு நிறையுள்ள துகள்கூட இப்படி மறைமுகமாகத் தலைகாட்டலாம்.

நேரு 1948இல் உங்கள் ஊருக்குப் பக்கத்தில் காரைக்குடியில் மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டியபோது, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். அந்த மண்ணில் நின்றுகொண்டு விசேஷ வீட்டில் யார் என்ன கேட்பார்களோ என்று பயப்படாதீர்கள். பிள்ளை தூரம் போகிறாள் என்ற கலக்கம் வேறு. அது எனக்குப் புரிகிறது. என் மகள் கிளம்பியபோது நானும் தூங்கவில்லை. அதை அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் அந்தக் கலக்கத்துக்கு "ஒன்றும் கிடைக்கவில்லை" என்ற காரணத்தை மாட்டிவிடாதீர்கள்.

கல்யாணம் பற்றி அவளைத்தான் கேட்க வேண்டும், என்னை அல்ல. அவள் சேரப்போவது மெக்-2இலா, அதே வளாகத்தில் மியூயான் இரண்டு பாசிட்ரானும் ஓர் எலக்ட்ரானுமாகச் சிதைவதைத் தேடும் மியூ3இ சோதனையிலா என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டிருக்கமாட்டீர்கள். இன்றைக்கே கேளுங்கள். தற்செயலாக வந்து ஏமாற்றும் ஜோடிகளை எப்படிக் கழிக்கப்போகிறாள் என்றும் கேளுங்கள். அடுத்த கடிதத்தை அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள்.