விண்டோஸ் 11 ஏற்ற ஃபார்மட் அடிக்க வேண்டுமா?

கேள்வி: 2019இல் வாங்கிய லேப்டாப். எட்டாம் தலைமுறை ஐ5 பிராசஸர், 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. சி டிரைவில் 19 ஜிபிதான் காலியாக இருக்கிறது. விண்டோஸ் 10 ஓடுகிறது. 11க்கு மாறச் சொல்லித் திரை முழுக்க அறிவிப்பு வந்துகொண்டே இருக்கிறது. சர்வீஸ் செய்பவரோ, ஃபார்மட் அடித்தால்தான் 11 ஏறும், லைசென்ஸும் புதிதாக வாங்கவேண்டும் என்கிறார். தொழில் கணக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது. பழைய பிரிண்டர் ஒன்றும் உண்டு. அப்டேட் போடலாமா, இப்படியே விட்டுவிடலாமா?

பதில்: போடலாம். உங்கள் லேப்டாப்புக்கு 11 ஏறும். ஃபார்மட் தேவையில்லை, லைசென்ஸுக்கு ஒரு காசும் கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் இன்று இரவே பட்டனை அமுக்கிவிடாதீர்கள். உங்கள் டேட்டாவின் நகல் ஒன்றும், டிஸ்க்கின் பூட்டைத் திறக்கும் 48 இலக்க எண் ஒன்றும் கைக்கு வந்தபிறகு அமுக்குங்கள். அப்டேட் போட்டதில் எல்லாம் போய்விட்டது என்று வருபவர்களை விசாரித்தால், இந்த இரண்டில் ஒன்று இல்லாமல்தான் இறங்கியிருப்பார்கள்.

"இப்படியே விட்டுவிடலாமா" என்பதை முதலில் முடித்துவிடுவோம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதனால் லேப்டாப் நின்றுவிடாது. அதற்குப் பிறகு கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாது, அவ்வளவுதான். பாட்டு கேட்க மட்டும் வைத்திருக்கும் கணினி என்றால் நானே விடுங்கள் என்பேன். வங்கிக் கணக்கைத் திறக்கிற, தொழில் கணக்கு இருக்கிற கணினியில் அது கூடாது.

அவசரப்படாமல் இருக்க ஒரு வழி உண்டு. வீட்டு உபயோகக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட்டுகளை மட்டும் நீட்டித்துத் தருகிறார்கள். விண்டோஸ் 10இன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருக்கவேண்டும். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இதில் சேர்வதற்கான இணைப்பு இருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்து, செட்டிங்ஸ் மட்டும் கிளவுடில் சேமிக்கச் சம்மதித்தால் கட்டணம் இல்லை. இந்த வசதியைப் பக்கத்தின் ஓரத்தில் ஒரு சின்ன இணைப்பாக ஒளித்து வைத்துவிட்டு, 11க்கு மாறச் சொல்லும் விளம்பரத்தை மட்டும் திரை முழுக்க விரிக்கிறார்கள். எது பயனருக்கு முதலில் தெரியவேண்டும் என்பதில் அந்த நிறுவனத்துக்கும் எனக்கும் என்றைக்கும் ஒத்துப்போனதில்லை. இன்றே அதில் சேர்ந்துவிடுங்கள். சேர்ந்தபிறகு நிதானமாக 11க்குத் தயாராகலாம்.

தகுதி விஷயம் சுருக்கமாக: இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதல், ஏஎம்டி என்றால் பெரும்பாலும் ரைசன் 2000 வரிசை முதல் 11க்கு ஏற்றது. 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, கணினி விழிக்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் ஓடவிடும் செக்யூர் பூட் ஆகியவையும் வேண்டும். மைக்ரோசாஃப்ட் இலவசமாகத் தரும் பிசி ஹெல்த் செக் என்ற சிறிய புரோகிராம் இதையெல்லாம் ஒரே கிளிக்கில் சொல்லிவிடும். டிபிஎம் இல்லை என்று காட்டினால் பயப்படவேண்டாம். பெரும்பாலும் அது பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை அமைப்பில், அணைத்து வைக்கப்பட்டிருக்கும். இன்டெல் கணினிகளில் பிடிடி என்றும், ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்றும் பெயர் இருக்கும். ஆனால் பயாஸில் கைவைப்பதற்கு முன் கீழே நான் சொல்லும் 48 இலக்க எண் உங்களிடம் இருக்கவேண்டும்.

இப்போது அந்த ஃபார்மட் கதைக்கு வருவோம். விண்டோஸ் 10இலிருந்து 11க்கு, இருக்கும் ஃபைல்களும் புரோகிராம்களும் அப்படியே இருக்க, மேலேயே ஏற்றிக்கொள்ளலாம். முறையாக ஆக்டிவேட் ஆன விண்டோஸ் 10 என்றால் அதே உரிமம் 11க்கும் செல்லும். ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ. பிறகு ஏன் ஃபார்மட் அடிக்கச் சொல்கிறார்கள்? அவர்களுக்கு அது சுலபம். மேலே ஏற்றும்போது ஏதாவது சிக்கினால் காரணத்தைத் தேடவேண்டும். அழித்துப் போட்டால் தேட ஒன்றுமில்லை, பில்லும் பெரிதாகும். பென் டிரைவில் தயாராக வைத்திருக்கும் விண்டோஸைப் போட்டு, ஆக்டிவேட் செய்ய, உரிமம் இருப்பதுபோல் ஏமாற்றும் க்ராக் ஒன்றையும் ஓட்டிவிடுவார்கள். க்ராக் ஓடவேண்டும் என்றால், விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் என்ற ஆன்டிவைரஸை அணைக்கவேண்டும். "டிஃபெண்டரை ஒரு நிமிடம் ஆஃப் பண்ணிக்கிறேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே லேப்டாப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும் லைசென்ஸ் கீயும் இதே ரகம்தான். நிறுவனங்களுக்கு மொத்தமாகக் கொடுத்த கீயைப் பிரித்து விற்பார்கள், என்றைக்காவது மைக்ரோசாஃப்ட் அதை முடக்கிவிடும். "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது, இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்று திரையில் வருவதும் மோசடியே. மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் தொலைபேசி எண் போடுவதில்லை.

ஃபார்மட் உண்மையிலேயே தேவைப்படும் நிலை ஒன்று உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அந்த சர்வீஸ்காரர் அதைப் பிடித்துக்கொள்வார். கணினியில் இருப்பது 32 பிட் விண்டோஸாக இருந்தால் மேலே ஏற்ற முடியாது. விண்டோஸ் 11 64 பிட்டில் மட்டுமே வருகிறது. 32லிருந்து 64க்கு, எதையும் அழிக்காமல் தாவும் வழி கிடையாது. பார்ப்பது எளிது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் கடைசியாக இருக்கும் அபௌட் பக்கத்தைத் திறந்து, சிஸ்டம் டைப் என்ற வரியைப் படியுங்கள். அந்த ஒரே வரியில் இரண்டு விஷயங்கள் இருக்கும். முதல் பாதி விண்டோஸ் எத்தனை பிட் என்பது, இரண்டாம் பாதி பிராசஸர் எந்த வகை என்பது. பலர் இரண்டாம் பாதியில் 64 என்று கண்டதும் நிம்மதியாகிவிடுவார்கள். நீங்கள் பார்க்கவேண்டியது முதல் பாதி. அங்கே 32 என்று இருந்தால், 64 பிட் பிராசஸரில் யாரோ ஒருவர் பழைய டிஸ்க்கை வைத்து 32 பிட் விண்டோஸைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று பொருள். அதே பக்கத்தில் ரேம் வரியும் காட்டிக்கொடுக்கும். 8 ஜிபி என்று போட்டு, பக்கத்திலேயே பயன்படுத்தக்கூடியது மூன்று சொச்சம் ஜிபி மட்டும் என்று இருந்தால் சந்தேகமே வேண்டாம், சாதாரண 32 பிட் விண்டோஸால் 4 ஜிபிக்கு மேல் ரேமைப் பயன்படுத்த முடியாது. அப்போதும்கூட, அதே உரிமம் 64 பிட்டுக்கும் செல்லும், லைசென்ஸ் வாங்கவேண்டியதில்லை. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸைப் போடச் சொல்லுங்கள். 2019இல் வந்த எட்டாம் தலைமுறை லேப்டாப்பில் 32 பிட் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இடையில் யாராவது ஒருமுறை ஃபார்மட் அடித்திருந்தால் மட்டும் கட்டாயம் பாருங்கள்.

நகல் எடுப்பது. இதில் ஒரு பொறி இருக்கிறது. விண்டோஸ் பேக்கப் என்ற பெயரில் கணினியிலேயே ஒரு ஆப் உண்டு. பெயரைப் பார்த்து எல்லாவற்றையும் அது காப்பாற்றும் என்று நினைத்துவிடுவோம். அது செட்டிங்ஸையும், டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற சில ஃபோல்டர்களையும் ஒன்டிரைவுக்கு அனுப்பும். இலவசமாகக் கிடைக்கும் இடம் 5 ஜிபி. உங்கள் கணக்கு மென்பொருளின் டேட்டா பெரும்பாலும் சி டிரைவில் நேரடியாக ஒரு ஃபோல்டரில் இருக்கும், அதை இந்த ஆப் எட்டிக்கூடப் பார்க்காது. இதற்கு பேக்கப் என்று பெயர் வைத்தவரை என்ன சொல்வது!

வெளியே மாட்டும் ஹார்ட் டிஸ்க் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும் ஃபோல்டரை முழுவதுமாக அதில் காப்பி செய்யுங்கள். அடுத்து கணக்கு மென்பொருளைத் திறந்து, அதிலேயே இருக்கும் பேக்கப் வசதியால் ஒரு நகல் எடுங்கள். பிறகு மென்பொருளை மூடிவிட்டு, அதன் டேட்டா ஃபோல்டரையும் காப்பி செய்யுங்கள். மென்பொருள் திறந்திருக்கும்போது காப்பி செய்த டேட்டா சில சமயம் திரும்பத் திறக்காது. கடைசியாக அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் மாட்டி, நாலைந்து ஃபைல்களைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது நகல். அப்டேட் ஓடும்போது டிஸ்க் லேப்டாப்பில் மாட்டியிருக்கக்கூடாது.

மைக்ரோசாஃப்ட் சோதிக்காமலா விடும் என்று கேட்பவர்களுக்கு: 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10இன் 1809 அப்டேட், டாகுமெண்ட்ஸ் போன்ற ஃபோல்டர்களை வேறு இடத்துக்கு மாற்றி வைத்திருந்த சிலருக்கு, பழைய இடத்தில் மிச்சமிருந்த ஃபைல்களை அழித்துவிட்டது. சில நாட்களில் வெளியீட்டை நிறுத்தி, நவம்பரில்தான் திரும்பவும் விட்டார்கள். அதனால் எந்தப் பெரிய அப்டேட்டையும் வந்த மாதத்தில் போடவேண்டாம். இப்போது உங்களுக்குக் கிடைக்கும் 25எச்2 பதிப்பு, 2024இல் வந்த 24எச்2இன் மேல் கட்டியதே. ஆரம்பக் கோளாறுகள் பெரும்பாலும் அதிலேயே தீர்ந்துவிட்டன.

அடுத்தது 48 இலக்க எண். பல லேப்டாப்புகளில், உரிமையாளருக்கே தெரியாமல் டிஸ்க் பூட்டப்பட்டிருக்கும். டிவைஸ் என்க்ரிப்ஷன் அல்லது பிட்லாக்கர் என்று பெயர். அன்றாடம் அதனால் எந்தத் தொந்தரவும் தெரியாது. பயாஸ் மாறினாலோ டிபிஎம் அழிந்தாலோ, கணினி நீலத் திரையில் மீட்பு எண்ணைக் கேட்டு நின்றுவிடும். அந்த எண் இல்லையென்றால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவர் பொய் சொல்கிறார். செட்டிங்ஸில் அப்டேட் அண்ட் செக்யூரிட்டிக்குள் டிவைஸ் என்க்ரிப்ஷன் ஆன் என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கை மொபைலில் திறந்து, சாதனங்கள் பகுதியில் மீட்பு எண்ணைத் தேடி, காகிதத்தில் எழுதுங்கள். லேப்டாப்பிலேயே சேமித்து வைக்காதீர்கள். முதன்முதலில் லேப்டாப்பை அமைத்துக் கொடுத்தவர் தன் மின்னஞ்சலைப் போட்டிருந்தால் எண் அவர் கணக்கில் கிடக்கும். அதை இப்போதே கேட்டு வாங்குங்கள்.

19 ஜிபி போதாது. 30 ஜிபிக்கு மேல் காலி செய்யுங்கள். புது விண்டோஸ் ஏறும்போது பழையதை விண்டோஸ் ஓல்ட் என்ற ஃபோல்டரில் அப்படியே ஒதுக்கி வைக்கும், அதற்கே நிறைய இடம் போகும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர், ரீசைக்கிள் பின், டிஸ்க் கிளீனப் ஆகிய மூன்றுமே பெரும்பாலும் போதும். கிளீனர் என்று விளம்பரம் செய்யும் எதையும் இறக்காதீர்கள்.

பிரிண்டருக்கு, தயாரித்தவரின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டு 11க்கான டிரைவர் (பிரிண்டரை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் 10இன் 64 பிட் டிரைவர் பெரும்பாலும் வேலை செய்யும். அதை இறக்கி வெளி டிஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு மென்பொருள் விற்றவரிடம் உங்கள் வெர்ஷன் 11இல் ஓடுமா என்று எழுத்தில் கேளுங்கள். லைசென்ஸ் எண்ணையும் பதிவு செய்த மின்னஞ்சலையும் குறித்துவைக்க மறக்கவேண்டாம்.

போடும் நாளில் சார்ஜரை மாட்டுங்கள், மௌஸ் தவிர யுஎஸ்பியில் இருக்கும் மற்ற எல்லாவற்றையும் கழற்றுங்கள். தனியாக வாங்கிய ஆன்டிவைரஸ் இருந்தால் நீக்கிவிடுங்கள், டிஃபெண்டர் தானாக அந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். அப்டேட்டை செட்டிங்ஸ் வழியாக மட்டுமே போடுங்கள். குறிப்பிட்ட டிரைவரோடு ஒத்துப்போகாத கோளாறு தெரிந்திருந்தால் அங்கே அப்டேட்டைத் தருவதை நிறுத்தி வைத்திருப்பார்கள். பென் டிரைவில் போடுபவர் அந்தத் தடையைத் தாண்டிப் போட்டுவிட்டு, வைஃபை வரவில்லை என்று உங்களிடமே திருப்பித் தருவார். சதவீதம் ஒரே இடத்தில் அரை மணி நேரம் நின்றாலும் பவர் பட்டனை அமுக்கவேண்டாம். பலமுறை ரீஸ்டார்ட் ஆகும், இரண்டு மூன்று மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.

ஏறியதும் உங்களுக்குக் கிடைப்பது 10 நாள். அதற்குள் பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் சிஸ்டம், ரெக்கவரி, கோ பேக் என்று போய் விண்டோஸ் 10க்குத் திரும்பலாம். இடையில் போட்ட புரோகிராம்கள் போய்விடும். இந்த 10 நாளில் டிஸ்க் கிளீனப்பைத் தொடாதீர்கள், பழைய விண்டோஸை அது துடைத்துவிட்டால் திரும்பும் வழி அடைந்துவிடும். புதிதாக யூசர் கணக்கு சேர்த்தாலும் திரும்ப விடாது. அதனால் சோதனையை முதல் நாளே ஆரம்பியுங்கள்: ஒரு பில் போட்டு பிரிண்ட் எடுங்கள், கணக்கு மென்பொருளில் பழைய வருடத்தைத் திறங்கள், லேப்டாப்பை மூடித் திறந்து வைஃபை திரும்ப வருகிறதா பாருங்கள். எட்டாம் நாள் வரை பிரிண்டர் மசியவில்லை என்றால் திரும்பிவிடுங்கள். மேலே சொன்ன நீட்டிப்பில் சேர்ந்திருக்கிறீர்கள் அல்லவா, வேறு பிரிண்டர் பார்க்க 2026 அக்டோபர் வரை நேரம் இருக்கிறது.