மறு: நீலகிரி சாய்வு வரைபடத்தில் எல்லா இடமும் 89 டிகிரி காட்டுகிறது

உயரக் கோப்பை முதலில் யுடிஎம் 43 வடக்குக்கு (தூரத்தை மீட்டரில் அளக்கும் ஆயமுறை, அதன் குறியீடு இபிஎஸ்ஜி 32643) மாற்றுங்கள், அப்புறம் சாய்வைக் கணக்கிடுங்கள். 89 போய்விடும்.

நீங்கள் இறக்கிய எஸ்ஆர்டிஎம் கோப்பு (விண்கல ரேடார் அளந்த உயரத் தரவு) பெரும்பாலும் இபிஎஸ்ஜி 4326-இல், அதாவது அட்சரேகை-தீர்க்கரேகை முறையில், இருக்கும். அதில் உயரம் மீட்டரில், கிடைத்தூரம் டிகிரியில். ஒரு டிகிரி சுமார் 111 கிலோமீட்டர் என்பதைக் க்யூஜிஐஎஸ் வரைபட மென்பொருளின் சாய்வுக் கருவி கணக்கில் எடுப்பதில்லை. பத்து மீட்டர் மேடும் செங்குத்துச் சுவராகிவிடும்.

மாற்றும்போது 'பைலீனியர்' (சுற்றியுள்ள கட்டங்களின் மதிப்பைக் கலந்து எடுக்கும் முறை) தேர்ந்தெடுங்கள். 'நியரஸ்ட் நெய்பர்' (அருகிலுள்ள ஒரு கட்டத்தின் மதிப்பை அப்படியே எடுப்பது) என்றே விட்டால் படத்தில் கோடு கோடாக விழும், பார்க்கவே எரிச்சலாக இருக்கும்.

சரிபார்க்க ஊட்டி ஏரியின் நடுவில் சொடுக்குங்கள். பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும்.

படிமட்டம் (மலைச்சரிவில் படி படியாக வெட்டும் சமதளம்) அமைக்க 16 முதல் 33 சதவீதச் சரிவு என்பார்கள். 33 சதவீதம் (100 மீட்டருக்கு 33 மீட்டர் ஏற்றம்) என்பது சுமார் 18 டிகிரிதான், டிகிரிப் படத்தில் 33 என்று வெட்டிவிடாதீர்கள்.

எஸ்ஆர்டிஎம் கோப்பின் 30 மீட்டர் கட்டத்தில் ஏற்கெனவே வெட்டிய படிமட்டங்கள் தெரியாது. மர உச்சியும் உயரத்தில் கலந்துவிடுவதால் யூக்கலிப்டஸ் தோப்பின் விளிம்பில் இல்லாத சரிவும் தோன்றும். அந்த இடங்களை மட்டுமாவது நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் குறியுங்கள்.