கிரேட் டேன் குட்டிக்கு கால்சியம் டானிக் வேண்டுமா?

கேள்வி: பேரன் ஆசைப்பட்டு மூன்று மாத கிரேட் டேன் நாய்க்குட்டி வாங்கி வந்திருக்கிறான். வீட்டு வளவில்தான் (உள்முற்றத்தில்) வளர்கிறது. எலும்பு உறுதிக்குக் கால்சியம் டானிக் கொடுக்கலாமா? வேறென்ன கவனிக்க வேண்டும்?
– ஒரு வாசகி, கானாடுகாத்தான்

கால்நடை மருத்துவர் பதில்: வேண்டவே வேண்டாம் ஆச்சி. ராட்சத இனக் குட்டிக்குக் கால்சியம் கூடினால் எலும்பு கோணலாக வளரும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே விற்கும் தீவனம் போதும். கொழுகொழுவென்று வளர்க்கவும் ஆசைப்படாதீர்கள்; தடவினால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

எனக்குக் கவலை உங்கள் ஆத்தங்குடிக் கல் தரைதான். கண்ணாடி மாதிரி வழுக்கும். குட்டி ஓடித் திரும்பும்போது பின்னங்கால்கள் விரிந்துபோகும், மூட்டுக்கு ஆகாது. அது ஓடுகிற இடத்தில் பழைய ஜமுக்காளம் விரித்துவிடுங்கள். படுக்கை மெத்தென்று இல்லாவிட்டால் முழங்கை காய்த்துவிடும்.

ஜெர்மனியில் காட்டுப்பன்றி வேட்டைக்கு உருவான இனம் இது. வளர்ந்த ஆண் தோளுயரம் 80 செ.மீ. வரும், எடை 50 கிலோவைத் தாண்டும். ஆயுளோ பெரும்பாலும் 7 முதல் 10 ஆண்டுகள்தான். பேரனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வயிறு முறுக்கிக்கொள்வதுதான் இந்த இனத்துக்கு எமன். சாப்பாட்டை ஒரே வேளையாகக் கொட்டாமல் பிரித்து வையுங்கள், சாப்பிட்டதும் ஓடவிடாதீர்கள். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்து, எச்சில் வடித்து, நிலைகொள்ளாமல் நடந்தால் ஓமத்தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். நள்ளிரவானாலும் அறுவை சிகிச்சை வசதியுள்ள கால்நடை மருத்துவமனைக்கு வண்டியைக் கிளப்புங்கள். அது எங்கே இருக்கிறது என்று இன்றே விசாரித்து, தொலைபேசி எண்ணைச் சுவரில் எழுதி வையுங்கள்.