தண்ணீர் கொடுக்கலாமா, கூடாதா?

குழந்தைகள் வார்டில் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவர், வெயில்காலக் கேள்விகளுக்குப் பதிலளிக்கிறார்.

கேள்வி: நான்கு மாதக் குழந்தையைப் பகல் முழுவதும் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். "சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காதே" என்கிறார் தாய். "நாக்கு வறண்டுவிடும், இரண்டு ஸ்பூன் கொடு" என்கிறார் பாட்டி. யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: தாய் சொல்வதை. பாட்டியின் பரிவு எனக்குப் புரிகிறது, நானும் பாட்டிதான். ஆனாலும் எவ்வளவு வெயிலடித்தாலும் ஆறு மாதம் வரை பால் மட்டுமே போதும். தாய்ப்பாலில் ஏறத்தாழ 87 சதவீதம் தண்ணீர்தான். சின்ன வயிற்றைத் தண்ணீர் அடைத்துக்கொண்டால் பாலுக்கு இடமிருக்காது. சிறுநீரகமும் இன்னும் முதிரவில்லை. மிஞ்சிய தண்ணீர் இரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து, வலிப்பு வரை கொண்டுபோய்விடக்கூடும். வெயிலாயிற்றே என்று புட்டிப்பாலில் கொஞ்சம் தண்ணீரைக் கூட்டிக் கலக்குவதும் இதே தவறுதான்.

அதற்குப் பதிலாக அடிக்கடி பால் கொடுங்கள். ஒரு நாளில் ஆறு டயப்பராவது நன்றாக நனைய வேண்டும். பகலில் நனைந்தது உங்களுக்குத் தெரியும், இரவில் நனைந்தது தாய்க்குத் தெரியும். மொத்தம் இருவருக்குமே தெரியாது! ஒரு தாளைச் சுவரில் ஒட்டி, மாற்றும்போதெல்லாம் நேரத்தை எழுதிவையுங்கள். ஆறேழு மணி நேரம் டயப்பர் காய்ந்தே இருந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, தாய் வரட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: தள்ளுவண்டியில் மகளை அழைத்துப் போகும்போது வெயில் படாமலிருக்க மெல்லிய துணியால் மூடிவிடுகிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. துணி மெல்லியதானாலும் உள்ளே காற்று ஓடாது, சூடு தங்கிவிடும். முகமும் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. வண்டியின் கூரையை இழுத்துவிட்டு நிழலோரமாக நடங்கள். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை கூடியமட்டும் வெளியே போகாதீர்கள். அவ்வப்போது பிடரியைத் தொட்டுப் பாருங்கள். அது சுட்டாலோ ஈரமாக இருந்தாலோ குழந்தைக்குப் புழுக்கம். கையைத் தொட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

நீங்கள் கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடம்தானே என்று காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பத்தே நிமிடத்தில் உள்ளே சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும். கண்ணாடியைச் சற்று இறக்கிவைத்தாலும் பெரிதாகக் குறையாது.

கேள்வி: வேர்க்குருவுக்கு எந்தப் பவுடர் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். அதன் தூள் மூச்சில் போகும். ஈரத்துணியால் ஒற்றி, காற்றாட விடுங்கள். சீழ் வைத்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: இரண்டு வயது மகன் தண்ணீர்த் தொட்டியில் இறங்கினால் வெளியே வரவே மாட்டேன் என்கிறான். பக்கத்திலேயே உட்கார்ந்து கணினியில் அலுவலக வேலையைப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. என் மகளுக்கு ஒன்றரை வயதிருக்கும்போது, குளியலறை வாளியில் நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் இருந்தது. துண்டெடுக்கத் திரும்பினேன், அவ்வளவுதான். மறுபடி பார்த்தபோது அவள் தலைகீழாக வாளிக்குள் இருந்தாள். அலறலும் இல்லை, தண்ணீர் தெறிக்கும் சத்தமும் இல்லை. தூக்கியதும் இருமினாள், பிழைத்தாள். நான் செவிலியர், எல்லாம் படித்தவள்! அந்த வயதில் உடம்புக்குத் தலைதான் பாரம். கவிழ்ந்தால் தானாக நிமிர முடியாது. குழந்தை மூழ்கினால் சத்தம் கேட்கும் என்று நம்பித்தான் பலரும் திரும்பிக்கொள்கிறோம்.

ஆகவே கை நீட்டினால் எட்டும் இடத்தில் வெறுங்கையோடு உட்காருங்கள். வீட்டில் இரண்டு பெரியவர்கள் இருந்தால், "இப்போது நான் பார்க்கிறேன்" என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவர் பார்ப்பார் என்று இவரும், இவர் பார்ப்பார் என்று அவரும் இருந்துவிடுவார்கள்.

வெளியே வர மறுத்தால் இழுக்காதீர்கள். "வா, தொட்டியைக் கவிழ்க்கலாம்" என்று கூப்பிடுங்கள். இரண்டு வயதில் அதைவிடப் பெரிய விளையாட்டு கிடையாது. தொட்டியும் காலியாகிவிடும்.