நியூயார்க்கிலிருந்து தெற்கே: 1995 முதல் 2005 வரை ராப் இடம் மாறிய கதை (கேள்வி பதில்)

1995-ல் அமெரிக்க ராப் என்றால் நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும்தான். பத்தே வருடத்தில் அமெரிக்காவின் தெற்கு நகரங்களான அட்லாண்டா, ஹூஸ்டன், நியூ ஆர்லியன்ஸ் முன்னால் வந்துவிட்டன. இந்த மாற்றத்தைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அண்ணா, டூபாக், பிகி ரெண்டு பேரும் செத்ததாலதான் தெற்கு மேல வந்துச்சுன்னு சொல்றாங்களே, உண்மையா?

ஏற்க மாட்டேன் தம்பி. மேற்குக் கரையின் பெரிய ராப்பர் டூபாக் 1996 செப்டம்பரில் இறந்தார், நியூயார்க்கின் பிகி 1997 மார்ச்சில். கிழக்கு, மேற்கு இரண்டு கரைகளும் ஆடிப்போனது நிஜம். ஆனால் ஆள் இல்லாமல் போய்விடவில்லை. நியூயார்க்கில் ஜே-ஸீ, டிஎம்எக்ஸ் இருந்தார்கள், 2003-ல் 50 சென்ட் வந்தார். மேற்கில் டாக்டர் ட்ரே இருந்தார். தெற்கு அதற்கு முன்பே தயாராக இருந்தது. ஹூஸ்டனின் ராப்-எ-லாட் லேபிள் (இசைத்தட்டுக் கம்பெனி) 80களிலேயே தொடங்கிவிட்டது. மயாமியின் 2 லைவ் க்ரூ என்ற ராப் குழு உச்ச நீதிமன்றம் வரை போய் 1994-ல் பகடிப் பாட்டு வழக்கில் ஜெயித்தது. பிகி இறந்த அதே 1997-ல் நியூ ஆர்லியன்ஸின் மாஸ்டர் பி-யின் ஆல்பம் அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இறங்கியது. ஒரு வருடத்தில் கட்டக்கூடிய கட்டடமா அது?

கேள்வி: சோர்ஸ் விருது விழாவில் அவுட்காஸ்ட்டை அவமானப்படுத்தினார்களாமே?

ஆமாம். தி சோர்ஸ் என்ற ராப் பத்திரிகையின் விழா, 1995 ஆகஸ்ட், நியூயார்க். அட்லாண்டாவிலிருந்து வந்த அவுட்காஸ்ட்டின் ஆந்த்ரே, பிக் பாய் இருவருக்கும் புதிய குழுவுக்கான விருது. பெயரை அறிவித்ததுமே அரங்கம் கூச்சல் போட்டு எதிர்த்தது. அதே மேடையில் லாஸ் ஏஞ்சலஸின் டெத் ரோ லேபிளை நடத்திய ஷுக் நைட், நியூயார்க்கில் பிகியின் லேபிளை நடத்திய பஃப் டாடியைச் சீண்டிப் பேசியிருந்ததால் கூட்டம் ஏற்கனவே கொதித்துக்கொண்டிருந்தது. அப்போது ஆந்த்ரேவுக்கு 20 வயது. மைக்கில் அவர் சொன்னதன் சாரம்: தெற்குக்கும் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது. கூச்சலுக்கு நடுவே நின்று பேசிய அந்தப் பையனின் முகத்தை வீடியோவில் பாருங்கள். 2004-ல் அதே இருவர் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமியை வாங்கினார்கள்.

கேள்வி: இசையில் என்னதான் மாறியது? எனக்கு எல்லாம் ஒரே மாதிரி கேட்கிறது.

டிரம்மை மட்டும் கவனியுங்கள். நியூயார்க் பீட் பழைய ஜாஸ், சோல் இசைத்தட்டுகளிலிருந்து வெட்டி எடுத்தது, கரகரப்பாக, சுருக்கென்று அடிக்கும். லாஸ் ஏஞ்சலஸ் பீட்டில் ஃபங்க் பாஸுக்கு மேலே விசில் போல ஒரு சின்தசைசர் ஓடும். தெற்கின் ஆயுதம் ரோலண்ட் டிஆர்-808. 1980-லிருந்து 1983 வரைதான் இந்த டிரம் மெஷினைத் தயாரித்தார்கள். சரியாக விற்கவில்லை, செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தது. அதில் கிக் ஒலியின் நீளத்தைக் கூட்ட ஒரு குமிழ் உண்டு. அதைத் திருகினால் 'டப்' என்று முடிய வேண்டிய அடி 'டூம்ம்ம்' என்று நீண்டு பாஸ் சுரமாகவே மாறிவிடும். காரின் டிக்கியில் வூஃபர் வைத்து ஓட்டும் ஊர்களுக்கு அந்த ஒலிதான் வேண்டியிருந்தது.

சட்டமும் ஒரு காரணம். 1991-ல் ராப்பர் பிஸ் மார்க்கிக்கு எதிரான வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு அனுமதி வாங்காமல் சாம்பிள் (பழைய பதிவிலிருந்து வெட்டிய துண்டு) போட முடியாது என்றாகி, செலவு ஏறியது. கீபோர்டும் டிரம் மெஷினும் வைத்து பீட்டைத் தானே வாசித்துக்கொண்ட தெற்கத்திய ப்ரொட்யூசருக்கு அந்தச் சுமை குறைவு.

கேள்வி: நோ லிமிட், கேஷ் மனி ரெண்டும் எப்படி அவ்வளவு பணம் பார்த்தன?

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இரண்டும் நியூ ஆர்லியன்ஸ் லேபிள்கள், நோ லிமிட் மாஸ்டர் பி-யுடையது. பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத ஊர் என்பதால், கார் டிக்கியிலிருந்து கேசட் விற்பதையும் கடை கடையாக ஏறி இறங்குவதையும் இவர்களே செய்து பழகிவிட்டார்கள். 1991-ல் சவுண்ட்ஸ்கேன் வந்தது. அதுவரை கடைக்காரர்களிடம் கேட்டு எழுதிய விற்பனைக் கணக்கு பார்கோடு கணக்கானது. தெற்கத்தியக் கடைகளின் உண்மையான விற்பனை அப்போதுதான் நியூயார்க் அலுவலகங்களின் கண்ணில் பட்டது.

அதனால் பேரம் பேச உட்காரும்போது இவர்கள் கை ஓங்கியிருந்தது. வழக்கமாகக் கலைஞருக்கு முன்பணம் கொடுத்துவிட்டு மூலப்பதிவின் உரிமையைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். மாஸ்டர் பி பிரயாரிட்டி என்ற கம்பெனியுடன் விநியோக ஒப்பந்தம் மட்டுமே போட்டார். மூலப்பதிவு அவருடையது, வருமானத்தில் சுமார் 85 விழுக்காடும் அவருக்கு. 1998-ல் கேஷ் மனியின் வில்லியம்ஸ் சகோதரர்கள் யுனிவர்சலுடன் அதே வழியில் சுமார் 3 கோடி டாலருக்குக் கையெழுத்திட்டார்கள். அந்த வருடமே அவர்களின் ராப்பர் ஜுவனைலின் ஆல்பம் வெளிவந்து நாடு முழுக்க விற்றது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நியூ ஆர்லியன்ஸின் 'பவுன்ஸ்' நடன இசையில் திரும்பத் திரும்ப வரும் அந்த பீட், ஷோபாய்ஸ் என்ற குழுவின் 1986 பாடலிலிருந்து வந்தது. அவர்கள் நியூயார்க்கின் குவீன்ஸ்காரர்கள். சொந்த ஊர் மறந்துவிட்ட தட்டை இன்னொரு ஊர் தலைமுறை தலைமுறையாக ஆடித் தீர்த்தது.

கேள்வி: ஹூஸ்டன் பாட்டெல்லாம் ஏன் இழுத்து இழுத்து ஓடுகிறது?

டிஜே ஸ்க்ரூவின் கைவேலை. ஒரே தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு டர்ன்டேபிளில் வைப்பார், ஒன்று ஒரு அடி பின்னால் ஓடும். ஒலியை ஒரு தட்டிலிருந்து மற்றதற்கு மாற்றும் ஃபேடரைத் தள்ளித் தள்ளி இழுத்தால் ஒரே வார்த்தை இரண்டு முறை விழும். பிறகு மொத்தத்தின் வேகத்தையும் குறைத்து கேசட்டில் பதிவார். அந்தக் கேசட்டுக்காக அவர் வீட்டு வாசலில் கார்கள் வரிசை கட்டின. 2000-ல், 29 வயதில் இறந்துவிட்டார். இருமல் மருந்தில் இருக்கும் கோடீன் என்ற போதைப் பொருள் பறித்த கடைசி ஆளும் அவர் இல்லை. அவர் போன பிறகு, 2005-ல், அந்த நகரத்து பால் வாலின் ஆல்பம் பில்போர்டில் முதலிடம் பிடித்தது.

கேள்வி: தெற்கு ஜெயித்ததும் வரிகளின் தரம் போய்விட்டது என்கிறார்களே?

ஹூஸ்டனின் ஸ்கார்ஃபேஸையும் ஆந்த்ரேவையும் கேட்டவர் இதைச் சொல்ல மாட்டார். அட்லாண்டாவின் லில் ஜானின் 'க்ரங்க்' என்ற பாணி ஆயிரம் பேர் சேர்ந்து கத்துவதற்காகவே செய்தது. திருவிழா மேளத்தை அறைக்குள் ஹெட்போனில் கேட்டுவிட்டு நுணுக்கம் இல்லை என்று சொல்வது நியாயமில்லை. நியூயார்க்கின் ஜே-ஸீயே 1999-ன் கடைசியில் வெளியிட்ட ஆல்பத்தில் டெக்சாஸின் யுஜிகே இரட்டையரை அழைத்துப் பாட வைத்தார். பீட் போட்டது வர்ஜீனியாவின் டிம்பலாண்ட்.

கேள்வி: நம்ம ஆளுங்க தொடர்பு ஏதாவது இருக்கா?

நீங்கள் கேட்ட பத்து வருடத்துக்குச் சற்றுப் பிறகு இருக்கிறது. 2008-ல் அட்லாண்டாவின் டி.ஐ., நியூ ஆர்லியன்ஸின் லில் வெய்ன், ஜே-ஸீ, கான்யே நால்வரும் சேர்ந்து பாடிய பாட்டின் மையச் சாம்பிள், ஈழத்துத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த எம்.ஐ.ஏ.-வின் குரல். மறுவருட கிராமி மேடையில் நிறைமாதக் கர்ப்பிணியாக அவர்களோடு நின்று பாடினார்.

கேள்வி: புதுசா கேட்கிறவன் எங்கிருந்து தொடங்கணும் அண்ணா?

அவுட்காஸ்ட்டின் முதல் மூன்று ஆல்பங்களை வெளிவந்த வரிசையில் கேளுங்கள். பிறகு ஜுவனைல், அடுத்து யுஜிகே, கடைசியாக ஸ்க்ரூ கேசட்டுகள். போன் ஸ்பீக்கரில் மட்டும் வேண்டாம், 808-ன் அடிப்பகுதி அதில் கேட்கவே கேட்காது. நல்ல வூஃபர் இருக்கிற நண்பனின் காரைக் கடன் வாங்குங்கள்.