குப்பியோ நகரின் 'செரி' ஓட்டம் என்பது என்ன?

இத்தாலியின் உம்பிரியா மாநிலத்தில் மலையடிவாரத்தில் அமைந்த குப்பியோ என்னும் சிறு நகரில், ஆண்டுதோறும் மே 15 அன்று, உச்சியில் புனிதர் சிலை பொருத்திய மூன்று உயரமான மரத்தூண்களைத் தோளில் சுமந்து, குறுகிய தெருக்கள் வழியாக ஓடி, இஞ்சினோ மலைமேல் உள்ள புனித உபால்தோ ஆலயத்தை அடைவதே செரி ஓட்டம். 1160 மே 16 அன்று மறைந்த ஆயர் உபால்தோவின் திருநாளுக்கு முந்தைய நாளில் நகரமே அவருக்குச் செலுத்தும் வணக்கம் இது. ஒவ்வொரு தூணும் ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ளதால், பல்லக்குத் தூக்குவோர் நடையை நிறுத்தாமலே தோள் மாற்றுவதைப் போல, இவர்களும் ஓட்டத்தின் நடுவிலேயே ஆள் மாறுகிறார்கள். அந்த ஒருங்கிணைப்பைக் காண்பதற்காகவே அங்கே போகலாம் என்பேன். பலர் இதை ஒரு பந்தயம் என்று எண்ணுகிறார்கள். ஆனால் உபால்தோ, ஜார்ஜ், அந்தோணியார் என்ற வரிசை எந்த ஆண்டும் மாறுவதில்லை, ஒருவரை ஒருவர் முந்துவதற்கும் இடமில்லை.