டன்னர்மேல் பனி

கேள்வி: எங்கள் ஊர்க் குடிநீர் நிலையத்தில் குளோரின் ஆபரேட்டராக இருக்கிறேன். கோடையில் தேவை கூடியதால் 900 கிலோ டன்னரின் (திரவ குளோரின் அடைத்த பெரிய இரும்பு உருளை) வால்வைக் கூடுதலாகத் திறந்தோம். மூன்று மணி நேரத்தில் டன்னரின் கீழ்ப்பாதியில் பனி படிந்து, கேஸ் வரத்தும் குறைந்துவிட்டது. வெந்நீர் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?
— பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: ஊற்றாதீர்கள். அடியில் கரி அடுப்பு வைக்கலாம் என்று அடுத்து ஒருவர் வருவார், அவரையும் திருப்பி அனுப்புங்கள்.

அந்தப் பனியைக் கொஞ்சம் கவனியுங்கள். அது எந்த உயரத்தில் நிற்கிறதோ, உள்ளே திரவமும் ஏறக்குறைய அந்த மட்டத்தில்தான் இருக்கும். திரவ குளோரின் கேஸாக மாறச் சூடு வேண்டும். அதை அறைக் காற்றிலிருந்துதான் டன்னர் வாங்குகிறது. வாங்குவதைவிட வேகமாக நீங்கள் உறிஞ்சினால் திரவம் குளிர்ந்து, அழுத்தம் இறங்கிவிடும். ஒரு டன்னர் நிம்மதியாகக் கொடுப்பது மணிக்குச் சுமார் ஏழெட்டு கிலோ. அதற்குமேல் வேண்டுமா, இன்னொரு டன்னரின் கேஸ் வால்வையும் சேர்த்து இணையுங்கள். இரண்டும் ஒரே அறையில், ஒரே சூட்டில் இருக்கட்டும். ஒன்றில் வெயில் பட்டால் அதிலிருக்கும் சரக்கு குளிர்ந்ததற்குள் போய்விடும்.

டன்னரைச் சூடாக்கினால் என்ன ஆகும்? 70 டிகிரியை நெருங்கும்போது உள்ளிருக்கும் திரவம் விரிந்து, காலி இடமே இல்லாமல் போய்விடும். அப்புறம் இரும்புதான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

தினமும் இவ்வளவு தேவை என்றால் கீழ் வால்விலிருந்து திரவமாகவே எடுத்து, வெந்நீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் வேப்பரைசரில் ஆவியாக்குவதே முறை. அங்கே வேறொரு கண்டம் உண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், சாப்பாட்டு நேரத்தில் திரவ லைனின் இரண்டு முனை வால்வுகளையும் மூடிவிட்டுப் போனேன். திரும்பி வந்தபோது குழாயில் வெயில் ஏறியிருந்தது. கேஸ்கட் பிய்த்துக்கொண்டு பச்சை மஞ்சள் மேகம் தரையோடு தவழ்ந்தது. காற்றைவிட இரண்டரை மடங்கு கனம், மேலே போகாது. காற்றுக்கு எதிர்த்திசையில் மேட்டுப் பக்கம் ஓடினேன். திரவத்தை இரண்டு வால்வுகளுக்கு நடுவே அடைக்கக் கூடாது என்பதை அன்று மூக்கால் படித்தேன்.

கசிவின்மேல் தண்ணீர் அடிக்கவும் கூடாது. ஈரக் குளோரின் இரும்பைத் தின்று ஓட்டையைப் பெரிதாக்கும்.

டன்னர் மாற்றும்போது புது ஈய வாஷர் போடுகிறீர்களா? பழையதைத் தட்டிப் போடும் பழக்கம் எனக்கும் இருந்தது. மாட்டியதும் அமோனியா பாட்டிலின் ஆவியை மூட்டருகே காட்டுங்கள். வெள்ளைப் புகை எழுந்தால் வால்வை மூடிவிட்டுத் திரும்ப மாட்டுங்கள்.